பாவ விலக்கு (மதுரைக் கிறித்தவ மரபு)

பாவ விலக்கு என்பது, கிறித்தவர் ஒருவர் தம் அன்றாட வாழ்வில் கடவுளின் கட்டளைக்கு மாறான எண்ணம், சொல், செயல், கடமை தவறுதல் ஆகியவற்றை இனங்கண்டு அவற்றிலிருந்து விலகி நடப்பதற்காக மேற்கொள்ளும் ஒழுங்கைக் குறிக்கும். கிறித்தவம் பரவிய எல்லா நாடுகளிலும் இவ்வொழுங்கு உண்டு. எனினும் மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் இது ஒரு தனி வரலாற்றைப் பெற்றது. திருடாதே, பொய் சொல்லாதே என்பன போன்ற கட்டளைகளில் இங்கு எவருக்கும் ஐயம் எழவில்லை. குளிப்பது, குடுமி வைப்பது, பூணூல் அணிவது, தாலி கட்டுவது, யாருடன் அமர்ந்து உண்பது ஆகியவற்றில் எது பாவம், எது ஊர் வழக்கம் என்பதே மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்ட கேள்வியாகும்.

கோட்பாடு

பழைய தமிழ்க் கத்தோலிக்க மறைக்கல்வி நூல்கள் பாவத்தைச் சென்மப் பாவம், கர்மப் பாவம் என இரண்டாகப் பிரிக்கின்றன. முதலாவது, ஆதிப் பெற்றோரின் குற்றத்தால் மனித இனம் முழுவதையும் சார்ந்தது. இரண்டாவது, ஒருவர் புத்தி அறிந்து தாமே செய்வது. இங்குக் கர்மம் என்ற சொல் 'செயல்' என்னும் பொருளில் மட்டுமே ஆளப்படுகிறது. முற்பிறவி வினையை அது குறிக்காது. பிறவிச் சுழற்சியைக் கிறித்தவம் ஏற்பதில்லையாதலால், தமிழ்ச் சமயங்களில் ஏற்கனவே வேரூன்றியிருந்த இச்சொல்லைப் புதுப்பொருளில் வழங்கியது துணிச்சலான செயல் எனலாம். மதுரையில் பணியாற்றிய இராபர்ட் தெ நோபிலி, மறுபிறப்புக் கொள்கையை மறுப்பதற்கென்றே புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்னும் நூலை எழுதினார்.

கர்மப் பாவம் மீண்டும் சாவான பாவம், அற்பப் பாவம் என இருவகைப்படும். கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் கூடினால் அது சாவான பாவமாகும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது அற்பப் பாவமாகவே கொள்ளப்படும். அகங்காரம், லோபம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் ஆகிய ஏழும் தலையான பாவங்கள் எனப்படுகின்றன. மற்றப் பாவங்கள் இவற்றிலிருந்து பிறப்பதால் இப்பெயர் அமைந்தது. இவ்வேழுக்கும் எதிரான ஏழு புண்ணியங்களும் உடன் கற்பிக்கப்பட்டன. போசனப்பிரியத்திற்கு எதிரானது மட்டசனம், அதாவது மட்டாக உண்ணுதல். இன்று வழக்கொழிந்துவரும் அழகிய சொற்களுள் இதுவும் ஒன்று.

பாவத்தை விலக்குவதில் இம்மரபு மன உறுதியை மட்டும் நம்பவில்லை. பாவத்திற்கு ஏதுவான சமயங்களை விலக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதியாகும். குடிப்பழக்கம் உடையவர் 'இனிக் குடிக்க மாட்டேன்' என்று உறுதி கூறிவிட்டு, அதே கள்ளுக்கடைத் திண்ணையில் நண்பர்களோடு அமர்ந்திருந்தால், அவ்வாறு அமர்வதே குற்றமாகக் கருதப்படும். எனினும் பிழைப்பின் காரணமாகத் தவிர்க்க முடியாத சமயங்களும் உண்டு என்பதை அறநெறி நூலார் ஒப்புக்கொள்கின்றனர். அத்தகையோர் விலகி ஓட முடியாவிடினும், செபம் முதலிய காவல்களை மிகுதியாகக் கைக்கொள்ள வேண்டும் என்பர்.

அன்றாட ஒழுங்கு

இவ்வொழுங்கின் மையம் ஆத்தும சோதனை ஆகும். இரவு உறங்குமுன் அன்றைய நாளில் செய்தவற்றைப் பத்துக் கட்டளைகளின் வரிசைப்படி நினைவுகூர்வது இதன் முறை. நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு ஐந்து காரியங்கள் தேவை எனக் கற்பிக்கப்பட்டது: பாவங்களை நினைவுகூர்தல், அவற்றிற்காக மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை எனப் பிரதிக்கினை செய்தல், குருவிடம் அவற்றைச் சொல்லுதல், அவர் விதிக்கும் அபராதத்தை நிறைவேற்றுதல். களவாடிய பொருளைத் திருப்பித் தராமலும், அவதூறால் கெடுத்த ஒருவரின் பெயரைச் சீர்செய்ய முயலாமலும் இருந்துகொண்டு மன்னிப்பைப் பெற முடியாது என்பதும் இதில் அடங்கும். கள்ள எடை, கள்ள அளவு, கூலியைப் பிடித்து வைத்தல் ஆகியவை ஏழாம் கட்டளையின்கீழ் வரும்.

வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனமும், தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் நிறைவாக உண்ணும் ஒருசந்தியும் உடலைப் பழக்கும் வழிகளாக அமைந்தன. ஒருசந்தி என்ற சொல் இந்து சமய நோன்பு வழக்கிலும் உள்ளது.

1215 இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் எனக் கத்தோலிக்கர் அனைவருக்கும் விதித்தது. மதுரை மறைப்பணியில் குருக்கள் மிகச் சிலரே இருந்தனர். ஊர்களோ பல, அவற்றிற்கிடையிலான தொலைவும் மிகுதி. எனவே பல ஊர்களுக்குக் குருவின் வருகையே அரிதாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் செபம் சொல்லிக் கொடுப்பதும், சண்டைகளைத் தீர்த்து வைப்பதும், இறப்போருக்கு உத்தம மனஸ்தாபம் கற்பிப்பதும் வேதியர் அல்லது உபதேசியார் எனப்பட்ட உள்ளூர்ப் பணியாளர்களின் பொறுப்பாயின. அன்றாட வாழ்வில் எது பாவம் என்ற கேள்விக்கு முதலில் விடை சொன்னவர்கள் பெரும்பாலும் இவர்களே. வீரமாமுனிவர் இவர்களுக்கென 1727 இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார்.

அச்சில் வந்த முதல் கையேடு

பாவசங்கீர்த்தனத்திற்கு உதவும் தமிழ் நூல் ஒன்று, தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்திலேயே வெளிவந்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்த்துக்கீசரான ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் அடிகளார் 1578 இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தையும், 1579 இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கத்தையும் அச்சிட்டார். அடுத்து 1580 இல் கொச்சியில் கொம்பெசியொனாயரு என்ற நூலை வெளியிட்டார். போர்த்துக்கீசச் சொல் ஒன்றை அப்படியே தமிழ் எழுத்தில் வார்த்ததே இத்தலைப்பு. நூலின் படி ஒன்று ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் உள்ளது.

பின்னர் வேரூன்றிய பாவசங்கீர்த்தனம் என்ற சொல் வடமொழி வழிப்பட்டது. சங்கீர்த்தனம் என்பது பொதுவழக்கில் இறைவனின் பெயரைப் பாடிப் புகழ்வதைக் குறிக்க, இங்கு அது குற்றத்தை எடுத்துரைப்பதைக் குறிக்கலாயிற்று. மலையாளத்தில் போர்த்துக்கீச வேர் கொண்ட கும்பசாரம் என்ற சொல்லே நிலைத்துவிட்டமை ஒப்பிடத்தக்கது.

பாவமா, வழக்கமா?

1595 முதல் மதுரையில் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் இயேசு சபையார், அங்கு வந்து தங்கிய பரதவ வணிகர்களுக்கும் போர்த்துக்கீசருக்கும் குருவாக இருந்தார். மதுரை மக்களிடையே அவரது போதனை எடுபடவில்லை. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர் என்று அறியப்பட்ட பறங்கியரின் குலத்தில் சேர்வதாகவே ஞானஸ்நானம் பெறுவதை மக்கள் விளங்கிக்கொண்டனர். இதில் ஒரு முரண் உண்டு. திருச்சபையின் கணக்கில் பாவமல்லாத உணவுப் பழக்கமே மதுரை மக்களின் கண்ணில் பெருங்குற்றமாக இருந்தது.

1606 இல் மதுரைக்கு வந்த நோபிலி (1577–1656) இந்நிலையை மாற்ற முற்பட்டார். காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தத்துவபோதகர் என்ற பெயருடன் சந்நியாசியாக வாழ்ந்தார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற உயர்குலத்தார் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைத் தொடர்ந்து கைக்கொண்டனர். இது சிலை வழிபாட்டின் எச்சம் என்று பெர்னாண்டஸ் மேலிடத்தில் முறையிட்டார்.

நோபிலி தம் மறுமொழியை இலத்தீனில் விரிவாக எழுதினார். ஒரு செயல் வழிபாட்டிற்கு உரியதா, குலத்தையும் தகுதியையும் காட்டும் சமூக அடையாளமா என்பதை அதன் நோக்கத்தைக் கொண்டு பிரித்தறிய வேண்டும் என்பதே அவரது வாதத்தின் சாரம். 1619 இல் கோவாவில் கூடிய ஆய்வுக் கூட்டத்திலும் கருத்து வேறுபாடு தீரவில்லை. இறுதியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623 சனவரி 31 அன்று வெளியிட்ட ஆணையில் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை, மூட நம்பிக்கை கலவாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அனுமதித்தார்.

அதே ஆணையின் மற்றொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உயர்குலத்திலிருந்து வந்த கிறித்தவர்கள், சிறப்பாகத் திருப்பலியிலும் மறையுரை கேட்கும் இடத்திலும், தாழ்ந்தோராகக் கருதப்பட்டவர்களை இகழ வேண்டாம் எனத் திருத்தந்தை அதில் உருக்கமாக வேண்டிக்கொண்டார். நூல் அணிவதற்கு அனுமதி வந்தது. இகழ்ச்சியைக் குறித்தோ வேண்டுகோள் மட்டுமே வந்தது. அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோளின் கதி வேறு. 1640 அளவில் தாழ்த்தப்பட்ட குலத்தாருக்கெனப் பண்டாரசுவாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் அமர்த்தப்பட்டனர். ஒரே மறையைப் போதித்த இருவகைக் குருக்கள் ஒருவரோடொருவர் வெளிப்படையாகப் பழகுவதைத் தவிர்க்க நேர்ந்தது.

தடியத் தேவரின் திருமணம்

வழக்கம் எனத் திருச்சபை ஒருபோதும் ஏற்காதவற்றுள் பலதார மணம் ஒன்று. மதுரை மறைப்பணியின் எல்லைக்குள் அடங்கிய மறவர் சீமையில் இது ஓர் உயிரைப் பறித்தது.

சேதுபதி அரசுக்கு உரிமை கோரத்தக்கவராயிருந்த தடியத் தேவர் நோயிலிருந்து நலம் பெற்றபின், ஜான் தெ பிரிட்டோ எனப்பட்ட அருளானந்தரிடம் திருமுழுக்குக் கேட்டார். ஒரு மனைவியுடன் மட்டுமே வாழ வேண்டும் என்ற நிபந்தனையை அருளானந்தர் விதித்தார். தேவர் அதனை ஏற்று, 1693 சனவரியில் திருமுழுக்குப் பெற்று, மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண் ஆவார். அவர் அரசரிடம் முறையிட, அருளானந்தர் சிறைபிடிக்கப்பட்டு 1693 பெப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1947 இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

பாவ விலக்கு இங்கு ஒருவரின் தனி ஒழுக்கத்தோடு நின்றுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கணவர் பாவத்தை விலக்கியபோது விலக்கப்பட்டவர்கள் மனைவியர். அவர்களது வாழ்வாதாரம் என்னவாகும் என்ற கேள்வியைப் புனிதரின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

தூர்னோன் ஆணை

1703 இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் மயார் தெ தூர்னோன், 1704 சூன் 23 நாளிட்ட ஆணையால் பல வழக்கங்களைத் தடைசெய்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, திருமணத்தில் தேங்காய் உடைத்தல், பெண்ணின் முதல் பூப்பை விழாவாகக் கொண்டாடுதல், சாணச் சாம்பலை நெற்றியில் பூசுதல் ஆகியவை அவற்றுள் சில. கோயில் விழாக்களில் கிறித்தவர்கள் இசைக்கருவி வாசிப்பதும் தடைக்குள்ளானது. மேளம் வாசிப்பதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்தவர்களுக்கு இது சமயக் கட்டளை மட்டுமன்று, பிழைப்பின் மீது விழுந்த அடியுமாகும்.

எனினும் இவ்வாணையை வெறும் கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது. மாதவிலக்கான பெண்களைத் திருக்கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கக் கூடாது என்றும், தாழ்த்தப்பட்டோர் நோயுற்றால் குரு அவர்கள் வீட்டிற்கே சென்று அருட்சாதனம் வழங்க வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. நெற்றிச் சாம்பலைத் தடுத்த அதே கரம் தீண்டாமையின் இரு முடிச்சுகளையும் அவிழ்க்க முயன்றது. இயேசு சபையார் இதனை எதிர்த்து உரோமைக்கு மேல்முறையீடு செய்தனர். நாற்பது ஆண்டு விவாதத்திற்குப் பின், 1744 இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஆணையின் பெரும்பகுதியை உறுதிப்படுத்தினார். வீட்டிற்குச் செல்லும் விதியில் மட்டும், தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் இணக்க ஏற்பாட்டிற்கு இடமளித்தார். இவ்விதிகளைக் கடைப்பிடிப்பதாக மறைப்பணியாளர் எடுக்கவேண்டியிருந்த உறுதிமொழி 1940 வரை நீடித்தது.

பிள்ளையார் தாலியின் இடத்தில் சிலுவை அல்லது புறா பொறித்த தாலி வந்தது. சாம்பலுக்கோ முற்றிலும் விடை கொடுக்கப்படவில்லை. தவக்காலத் தொடக்க நாளைத் தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் விபூதிப் புதன் என்றே அழைத்து வந்துள்ளனர்.

பசுமலை, 1847

இயேசு சபை 1773 இல் கலைக்கப்பட்டு, மீள அமைக்கப்பட்டபின் 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரைப் பணியைப் புதுப்பித்தனர். ஏறக்குறைய அதே காலத்தில், 1834 இல், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிசனரிமார் மதுரையில் சீர்திருத்தக் கிறித்தவப் பணியைத் தொடங்கினர். இவர்களிடம் குருவிடம் பாவங்களைச் சொல்லும் முறை இல்லை. அதன் இடத்தில் சபை ஒழுங்கு இருந்தது. குடித்தல், ஓய்வுநாளை மீறுதல், சிலை வழிபாட்டில் பங்குகொள்ளுதல் ஆகிய குற்றங்களுக்காகச் சபையார் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைக்கப்படுவர். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மறைவில் முடிந்துபோகும் செய்தி இங்கு ஊரறிந்த செய்தியாகிவிடும்.

இம்மிசன் 1842 இல் திருமங்கலத்தில் ஒரு குருத்துவப் பள்ளியைத் தொடங்கி, 1845 இல் அதனைப் பசுமலைக்கு மாற்றியது. கப்பலூர் இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் உள்ளது. மதுரைச் சமவெளியின் இப்பகுதியே பெரியதொரு பிளவின் களமாயிற்று. சாதி, அஞ்ஞான மார்க்கத்தின் உள்ளுறுப்பு என்றும், அதை முற்றிலும் கைவிடாதவர் சபை உறுப்பினராக இருக்க முடியாது என்றும் 1847 இல் மிசன் முடிவு செய்தது. சாதியைக் கைவிட்டதை எவ்வாறு அறிவது? தாழ்ந்த சாதியினர் எனப்பட்டவர் சமைத்த உணவை அவர்களுடன் அமர்ந்து உண்ண வேண்டும் என்பதே தேர்வாக அமைந்தது.

உபதேசியார் பலர் மறுத்தனர். அவர்கள் வேலையிலிருந்தும் சபையிலிருந்தும் நிறுத்தப்பட்டனர். வில்லியம் டிரேசியின் பொறுப்பிலிருந்த பசுமலைப் பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் வெளியேறினர். பல ஆண்டு உழைப்பு ஒரு பந்தியில் கரைந்தது. பின்னர் ஒரு பகுதியினர் திரும்பி வந்தனர்.

மறுத்தவர்களைச் சாதி வெறியர் என்று மட்டும் கொள்வது எளிது. அவர்கள் முன்வைத்த வாதமும் ஒன்று உண்டு. சாதி என்பது குல வழக்கமே, சமயமன்று என்றனர். ஏறத்தாழ இது நோபிலியின் வாதமே. தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) புதிய மிசனரிமார் மீது சுமத்திய குற்றச்சாட்டுகளிலும், சாதி ஒழுங்கில் தலையிடுவதோடு மணவிழாப் பூக்களையும் இசையையும் தடுப்பது சேர்த்தே பேசப்பட்டது. செருமனியின் லைப்சிக் மிசனும் சாதியை உடனடியாக அறுத்தெறிய வேண்டிய பாவமாகக் கருதவில்லை. ஆனால் பூவையும் பந்தி விலக்கையும் ஒரே தட்டில் வைத்தது இவ்வாதத்தின் குறையாகும். பூ எவரையும் இழிவுபடுத்துவதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் மாற்றம் மெதுவாகவே வந்தது. மதுரை மறைப்பணியின் பழைய தளமான வடக்கன்குளத்தில் சாதி வாரியாக இருபிரிவாகக் கட்டப்பட்டிருந்த கோயிலின் தடுப்பு 1910 இல் அகற்றப்பட்டது. அதை எதிர்த்து ஒரு சாரார் நீதிமன்றம் வரை சென்று தோற்றனர்.

பிற்கால நிலை

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் சொற்களும் அழுத்தங்களும் மாறின. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனம் ஆயிற்று. விபூதிப் புதன் திருநீற்றுப் புதன் அல்லது சாம்பல் புதன் ஆயிற்று. 1983 இன் திருச்சபைச் சட்டத்தின்படி சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்பதும் ஞாயிறு கடமையை நிறைவுசெய்யும். கப்பலூர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் முறைவேலை பார்ப்போருக்கு இது நடைமுறையில் பெரிய உதவியாகும்.

தனிமனிதச் செயலாக மட்டும் பாவத்தைக் காணும் பார்வையும் விரிவடைந்தது. மதுரை அரசரடியில் 1969 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி இதில் குறிப்பிடத்தக்க பங்காற்றியது. அங்குப் பேராசிரியராக இருந்த தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற இசையைத் தலித் மக்களின் வழிபாட்டு மொழியாக்கினார். பலரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்து உண்பதை அவர் தம் இறையியலின் நடுவில் வைத்தார். 1847 இல் மேலிருந்து தேர்வாக விதிக்கப்பட்ட உணவு, இங்கு ஒடுக்கப்பட்டோரின் பண்பாட்டிலிருந்து விருந்தாக வந்தது.

2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கிறித்தவரிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல் கூட இருத்தலாகாது எனக் கூறினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 திசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாட்டைக் கடும் சமூகப் பாவம் எனப் பெயரிட்டுக் குறிப்பிட்டது. எனினும் சாதி வாரியான கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டின் சில ஊர்களில் இன்றும் உள்ளன. அவற்றில் அடக்கம் செய்யும் குடும்பங்கள் ஆண்டுதோறும் தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் செல்கின்றன. ஆத்தும சோதனைக்குரிய கேள்விகளில் கல்லறைச் சுவர் இடம்பெறுகிறதா என்பது அந்தந்தப் பங்கைப் பொறுத்தது.